வரம்பை 140 மடங்கு தாண்டிய கறிவேப்பிலை

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகனுக்கு நாலு வயது, 15 கிலோ எடை. பூச்சிமருந்து பற்றிய வீடியோக்கள் வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்ததால் மனசு கேட்காமல், சந்தையில் வாங்கிய மூன்று பொருள்களைத் தனியார் ஆய்வகம் ஒன்றில் கொடுத்துப் பார்த்தேன். கறிவேப்பிலையில் புரோஃபெனோஃபாஸ் கிலோவுக்கு 1.4 மில்லிகிராம், வரம்பு 0.01 என்று போட்டிருக்கிறார்கள். பயற்றங்காயில் குளோர்பைரிஃபாஸ் 0.3 மில்லிகிராம். வழுதலங்காயில் (கத்திரிக்காய்) ஒன்றும் இல்லை. கறிவேப்பிலை வரம்பைவிட 140 மடங்கு! இத்தனை நாளும் பிள்ளைக்கு விஷத்தையா ஊட்டினேன்? உப்பு, மஞ்சள் தண்ணீரில் கழுவினால் போதுமா, ஆர்கானிக் கடைக்கே மாறிவிடட்டுமா? தினமும் அவித்த ஏத்தம்பழம் கொடுக்கிறேன். அது மாமனாரின் விளையில் (தோட்டத்தில்) இருந்து வருவது. அவர் மருந்து அடிப்பார்தான், ஆனாலும் சொந்த விளை என்பதால் அதில் பயமில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் உங்கள் பெரிய கேள்விக்கு. இல்லை, நீங்கள் விஷத்தை ஊட்டவில்லை. ஆனால் அறிக்கையைத் தூக்கிப் போடவும் சொல்ல மாட்டேன். அதில் கவனிக்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது, அது நீங்கள் பயந்த எண் இல்லை. கடிதத்தின் கடைசி வரியைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும்.

140 மடங்கு என்பதை எடுத்துக்கொள்வோம். உங்கள் அறிக்கையில் உள்ள ‘வரம்பு’, எச்ச உச்சவரம்பு எனப்படுவது. எம்.ஆர்.எல். என்பார்கள். ஒரு பயிரில் ஒரு மருந்தை லேபிளில் சொன்னபடி அடித்து, சொன்ன நாள்கள் காத்திருந்து அறுவடை செய்தால் அதிகபட்சம் எவ்வளவு மிஞ்சும் என்று வயலில் சோதித்துப் பார்த்து வைக்கும் அளவு அது. அந்த அளவு உடம்புக்குக் கெடுதல் செய்யாதா என்றும் கணக்குப் பார்த்துத்தான் வைப்பார்கள். ஆனாலும் அடிப்படையில் அது விவசாயி ஒழுங்காக மருந்து அடித்தாரா என்று பார்க்கும் அளவுகோல். இதற்கு மேல் போனால் நோய் வரும் என்ற கோடு அது இல்லை.

கறிவேப்பிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு பயிருக்கென்று ஒரு மருந்தை யாரும் பதிவு செய்யவில்லை, சோதனை செய்து வரம்பும் வைக்கவில்லை என்றால், சட்டம் பொதுவாக 0.01 என்று வைத்துவிடுகிறது. 1,00,000 கிலோ இலையில் ஒரு கிராம் மருந்து. கிட்டத்தட்ட ‘இருக்கவே கூடாது’ என்று சொல்வதுதான். அந்த அளவோடு ஒப்பிட்டால் எதுவுமே பத்து மடங்கு, நூறு மடங்கு என்றுதான் வரும். 2024 ஏப்ரலில் நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், நறுமணப் பொருள்களிலும் சமையல் மூலிகைகளிலும் இந்தியாவில் பதிவாகாத மருந்துகளுக்கு இருந்த 0.01 என்ற அளவை 0.1 ஆக்கியது. அதைப் பலர் கண்டித்தார்கள், எனக்கும் அது பிடிக்கவில்லை. ஆனால் ஒரே நாளில் பத்து மடங்கு மாற்ற முடிகிற எண்ணை வைத்து உங்கள் பிள்ளையின் உடம்பை அளக்க முடியாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அப்போது எதை வைத்து அளப்பது? சாப்பிட்ட மருந்தின் அளவையும் பிள்ளையின் எடையையும் வைத்து. ஒவ்வொரு மருந்துக்கும், ஆயுள் முழுக்கத் தினமும் உடம்புக்குள் போனாலும் கெடுதல் வராது என்று கருதப்படும் அளவு ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு 1963 முதல் அதைக் கணக்கிட்டு வருகிறது. விலங்குச் சோதனையில் எந்தக் கெடுதலும் தெரியாத அளவை எடுத்துக்கொள்வார்கள். மனிதன் விலங்கைவிட எளிதில் பாதிக்கப்படலாம் என்று பத்தால் வகுப்பார்கள். மனிதர்களிலும் சிலர் நோஞ்சானாக இருக்கலாம் என்று இன்னொரு பத்தால் வகுப்பார்கள். ஆக, வழக்கமாக நூறில் ஒரு பங்கு. இதைத் தினசரி அளவு என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் எவ்வளவு போகலாம் என்பதற்குத் தனியாக ஒருநாள் அளவும் உண்டு.

சரி, உங்கள் மகனின் தட்டுக்கு வருவோம். தாளித்த கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைக்காத பிள்ளை உண்டா? இருந்தாலும் துவையலாக அரைத்து 10 கிராம் இலை அவன் வயிற்றுக்குள் போனதாகவே வைத்துக்கொள்கிறேன். கிலோவுக்கு 1.4 மில்லிகிராம் என்றால் 10 கிராமில் 0.014 மில்லிகிராம். 15 கிலோ எடைக்கு வகுத்தால், ஒரு கிலோ உடல் எடைக்கு சுமார் 0.0009 மில்லிகிராம். புரோஃபெனோஃபாஸுக்கு அந்த நிபுணர் குழு வைத்த தினசரி அளவு 0.03. ஆக, அதில் மூன்று சதவீதம். ஒருநாள் அளவு கிலோ உடல் எடைக்கு 1 மில்லிகிராம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வரம்பை 140 மடங்கு தாண்டிய இலை, உடம்பின் கணக்கில் மூன்று சதவீதத்தில் நிற்கிறது.

பயற்றங்காயைப் பாருங்கள். துவரனில் (பொரியலில்) 60 கிராம் சாப்பிட்டான் என்றால் 0.018 மில்லிகிராம் குளோர்பைரிஃபாஸ். 15-ஆல் வகுத்தால் 0.0012. அந்தக் குழு வைத்த தினசரி அளவு 0.01. ஆக, 12 சதவீதம். நீங்கள் 60 கிலோ எடை என்று வைத்து, 150 கிராம் சாப்பிட்டாலும் உங்களுக்கு ஏழரை சதவீதம்தான் வரும். குறைவாகச் சாப்பிடும் பிள்ளைக்குத்தான் பங்கு அதிகம். குழந்தைகளைத் தனியாகக் கணக்குப் போட வேண்டும் என்று இந்தத் துறையில் சண்டை போட்டு வாங்கியதே இதற்காகத்தான். அமெரிக்காவில் 1996-ல் வந்த சட்டம், தேவைப்படும் இடத்தில் குழந்தைகளுக்காக இன்னொரு பத்தால் வகுக்கச் சொல்கிறது.

இந்த இரண்டு மருந்தும் நரம்பில் ஒரே நொதியைத் தடுக்கும் ஒரே குடும்பம். அதனால் இரண்டு சதவீதத்தையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். மூன்றும் பன்னிரண்டும் பதினைந்து. நூறைத் தொடவில்லை. கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் ‘நிம்மதியாக இருங்கள்’ என்று எழுதி முடித்திருப்பேன்.

ஆனால் குளோர்பைரிஃபாஸ் விஷயத்தில் அளவுகோலின் மேலேயே சந்தேகம் இருக்கிறது. அந்த 0.01 என்பது 1999-ல் வைத்தது. கருவிலேயே இந்த மருந்து பட்ட பிள்ளைகளின் மூளை வளர்ச்சி பற்றிய ஆய்வுகள் அதற்குப் பிறகு வந்தன. 2019-ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, இதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை வைக்கவே முடியவில்லை என்று கையை விரித்தது. 2020-ல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. 2025-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில், சில விலக்குகளோடு, உலகம் ஒழிக்க வேண்டிய ரசாயனங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். எனவே 12 சதவீதம் என்பதை நான் 3 சதவீதத்தைப் பார்க்கும் கண்ணோடு பார்க்க மாட்டேன். ஒரு நாள் துவரனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாலு வயதுப் பிள்ளைக்கோ கர்ப்பிணிக்கோ அந்தக் கடைப் பயற்றங்காய் வாரத்தில் பாதி நாள் போகிறது என்றால் அதைக் குறைக்கச் சொல்வேன். கவனிக்க வேண்டும் என்று ஆரம்பத்தில் நான் சொன்ன எண் இதுதான்.

எந்த எண் வந்திருந்தால் பதறியிருப்பேன்? வழுதலங்காயில் மோனோகுரோட்டோஃபாஸ் 0.4 என்று வந்திருந்தால். மடங்குக் கணக்கில் அது உங்கள் கறிவேப்பிலையின் பக்கத்தில்கூட வராது. ஆனால் அதன் ஒருநாள் அளவு கிலோ உடல் எடைக்கு 0.002 மில்லிகிராம்தான். பிள்ளை 80 கிராம் சாப்பிட்டால் 0.0021 ஆகி அதைத் தாண்டிவிடும். தாண்டிய உடனே மயங்கி விழமாட்டான், இடையில் இடைவெளி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இடைவெளியைத் தின்ன ஆரம்பித்துவிட்டோம் என்று அர்த்தம். காய்கறியில் இதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்தது. 2023-ல் அதன் 36 சதவீதக் கரைசலுக்கே தடை வந்தது. இது தண்ணீரில் கரைந்து செடிக்குள் ஊடுருவும் ரகம் என்பதால் கழுவியும் போகாது. இனி யாராவது ‘இத்தனை மடங்கு’ என்று வீடியோ அனுப்பினால் எந்த மருந்து, எவ்வளவு சாப்பிடுவோம், யார் சாப்பிடுவார்கள் என்று மூன்றையும் திருப்பிக் கேளுங்கள்.

ஆய்வக அறிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. வழுதலங்காயில் ‘ஒன்றும் இல்லை’ என்றால், அவர்கள் தேடிய பட்டியலில் இருந்த மருந்துகள் அவர்களின் கருவி அளக்கக்கூடிய அளவுக்கு இல்லை என்றுதான் பொருள். பட்டியலில் இல்லாததைக் கருவி தேடாது. இந்த வகைச் சோதனையில் ஐம்பது சதவீதம் வரை முன்பின் இருப்பதை ஐரோப்பிய ஆய்வகங்களே ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் 0.3 உண்மையில் 0.15 ஆகவும் இருக்கலாம், 0.45 ஆகவும் இருக்கலாம். அதுவும் ஒரு நாள் வாங்கிய ஒரு கட்டு. அடுத்த வாரம் வேறு ஊர்ச் சரக்கு வரும்.

பயற்றங்காயில் ஏன் அடிக்கடி எச்சம் வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் வாங்கும்போது உதவும். பயறு காய்க்கத் தொடங்கிவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். ஒரு நாள் விட்டால் முற்றிவிடும், சந்தையில் எடுக்க மாட்டார்கள். அதே சமயத்தில்தான் அசுவினியும் காய்ப்புழுவும் வருகின்றன. மருந்து லேபிளில் அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று இருக்கும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிப்பவர் எப்படிக் காத்திருப்பார்? திங்கள்கிழமை அடித்து புதன்கிழமை பறிப்பார். பூசணி, தடியங்காய், மரச்சீனி போன்றவற்றில் இந்த நெருக்கடி இல்லை. நம் அவியலில் பாதிக் காய் இந்த ரகம்தான் என்பது நம் அதிர்ஷ்டம்.

இனி கழுவுவது. உப்புக்கும் மஞ்சளுக்கும் பெரிய மகிமை கிடையாது. ஓடும் தண்ணீரும் கைத்தேய்ப்பும்தான் வேலையில் பெரும்பகுதியைச் செய்கின்றன. குளோர்பைரிஃபாஸும் புரோஃபெனோஃபாஸும் மேல்தோலின் மெழுகில் ஒட்டிக்கொண்டு நிற்பவை, வெறும் தண்ணீரில் முங்கி எடுத்தால் அசையாது. பயற்றங்காயை நறுக்குவதற்கு முன்பே கழுவுங்கள், நறுக்கிய பிறகு இல்லை. ஒவ்வொரு காயையும் விரலிடையில் உருவி, தண்ணீரை மாற்றி இரண்டு தடவை அலசுங்கள். கறிவேப்பிலைக்குப் புளி கரைத்த தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அலசும் முறை நம் பக்கத்து வெள்ளாயணி வேளாண் கல்லூரி ஆய்வகம் சொல்வது. கேரளச் சந்தைக் காய்கறிகளைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை வெளியிடும் ஆய்வகம் அது. அந்தப் பட்டியல்களில் கறிவேப்பிலை திரும்பத் திரும்ப வருகிறது. ஆப்பிள் போன்ற பழங்களுக்குச் சமையல் சோடா நல்லது. 2017-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது ஒரு சதவீத சோடாத் தண்ணீரில் கால் மணி நேரத்துக்குள் மேல்தோலில் இருந்த மருந்து போயிற்று. தோலுக்குள் இறங்கியது மட்டும் போகவில்லை. ‘காய்கறி கழுவும் திரவம்’ என்று பாட்டிலில் விற்பதற்கு இதைவிட அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

உங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட இடம் இருக்கும் என்று நினைக்கிறேன். குமரி மாவட்டத்தில் கிணற்றடியில் கறிவேப்பிலை இல்லாத வீட்டைப் பார்ப்பதே கஷ்டம். நட்டுவிட்டால் அந்தக் கேள்வியே முடிந்தது.

ஆர்கானிக் கடைக்கு மாறலாமா? வசதி இருந்தால் சரி, அங்கும் சான்றிதழும் ஜெய்விக் பாரத் என்ற அரசு ஆர்கானிக் முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நாட்டுக்காய்’ என்று எழுதிய பலகை எதற்கும் உத்தரவாதம் இல்லை. விலையைப் பார்த்துக் காய்கறியின் அளவைக் குறைப்பதாக இருந்தால் மாறவே வேண்டாம். எச்சத்துக்குப் பயந்து பிள்ளைக்குக் காய் கொடுக்காமல் இருப்பதால் வரும் நஷ்டம் இதைவிட உறுதியானது.

புகார் கொடுக்க நினைத்தால், மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் கொடுக்கலாம். உங்கள் தனியார் அறிக்கை அங்கே தகவலாகத்தான் நிற்கும். 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் 40-வது பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி இருக்கிறது. பாளையங்கோட்டையில் அந்த ஆய்வகம் உண்டு. ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் ‘சோதனைக்குத்தான் வாங்குகிறேன்’ என்று சொல்லிவிட வேண்டும். கேட்டதும் அவர் முகம் எப்படிப் போகும் என்பது வேறு விஷயம். அதே சட்டம் விவசாயியையும் விளைச்சலையும் தொடாது, 18-வது பிரிவில் விலக்கு இருக்கிறது. திங்கள்கிழமை அடித்துப் புதன்கிழமை பறித்தவரை விட்டுவிட்டு, வியாழக்கிழமை கூறு போட்டு விற்கும் அம்மாவைப் பிடிக்கும் ஏற்பாடு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

இப்போது ஏத்தம்பழம். தோல் உரிக்கிற பழம் என்பதால் மேலே தெளித்த மருந்தில் பெரும்பகுதி தோலோடு போய்விடும். ஆய்வகத்தில் வாழைப்பழத்தைத் தோலோடு அரைத்துத்தான் சோதிப்பார்கள். ஆகவே அறிக்கையில் வரும் எண், தின்னும் சதையில் இருப்பதைவிடப் பொதுவாகக் கூடுதலாகவே இருக்கும். தண்டுக்குள் ஊசி போட்டோ, குருத்தில் குருணை வைத்தோ கொடுக்கும் ஊடுருவும் மருந்துகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஏத்தனுக்குத் தண்டு கூன்வண்டு பெரிய தொல்லை என்பதால் நம் ஊரில் அந்த வழக்கம் இருந்திருக்கிறது. மாமனார் எதைக் கொடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா?

சொந்த விளை என்பதால் பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரியில்தான் பயம். உணவு வழியாகப் பூச்சிமருந்து ஆளைக் கொன்ற பெரிய சம்பவங்களைப் பாருங்கள். 1958-ல் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாரத்தியான் மருந்தோடு ஒரே கப்பலில் வந்த கோதுமை மாவில் அது கசிந்திருந்தது. 1968-ல் நம் பூச்சிமருந்துச் சட்டம் வந்ததற்கே அது ஒரு காரணம். 2013-ல் பீகாரில் சத்துணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோஃபாஸ் கலந்திருந்தது. மருந்து இருந்த பாத்திரத்தில் எண்ணெயை வைத்ததே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. வயலில் அடித்து மிஞ்சிய எச்சத்தாலும் ஆள்கள் படுத்ததுண்டு. 1985-ல் கலிஃபோர்னியாவில் ஆல்டிகார்ப் ஏறிய தர்பூசணியைத் தின்று நூற்றுக்கணக்கானவர்கள் வாந்தியும் மயக்கமுமாகப் படுத்தார்கள். ஆனால் கூட்டம் கூட்டமாகச் சாவு வந்தது பெரும்பாலும் கசிந்த டப்பாவாலும் இடம் மாறிய பாட்டிலாலும்தான்.

அதனால் சந்தைக் காயை விட்டுவிட்டு வீட்டுக்குள் பாருங்கள். மாமனார் மருந்தை எங்கே வைக்கிறார்? அடுக்களைக்குப் பின்னால் உள்ள சாய்ப்பிலா? குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைத்திருக்கிறாரா? காலி டப்பாவில் யாராவது தண்ணீர் பிடிக்கிறார்களா? அடித்துவிட்டு வந்த லுங்கியும் சட்டையும் பிள்ளையின் துணியோடு ஒரே வாளியில் ஊறுகின்றனவா? மருந்து கலக்கும் கையில் உறை இருக்கிறதா? தெளிப்பவரின் தோலில் ஒரு மத்தியானத்தில் ஏறுவது, உங்கள் மகன் தட்டில் பல மாதங்களில் சேர்வதைவிட அதிகமாக இருக்கக்கூடும். அறுபது வயதுக்காரர் வெறும் உடம்போடு முதுகில் தெளிப்பானைத் தூக்கிப் போகிறார் என்றால், உங்கள் வீட்டில் முதலில் பாதிக்கப்படப் போவது பிள்ளை இல்லை.

அடித்துவிட்டு வந்த அன்று தலைச்சுற்றல், வாந்தி, அதிக வியர்வை, வாயில் எச்சில் வடிதல், கண்பாவை குண்டூசி முனைபோல் சுருங்குதல் என்று எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். துணியைக் களைந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மருந்து டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். டாக்டருக்கு லேபிளைப் பார்த்தால்தான் எந்த முறிமருந்து என்று தெரியும்.

மாமனாரிடம் நேரடியாகச் சொன்னால் ‘நாப்பது வருஷமா அடிக்கேன், எனக்கு என்ன ஆச்சு’ என்பார். உங்கள் கணவரைவிட்டுப் பேசச் சொல்லுங்கள், அல்லது வட்டார வேளாண் அலுவலரை ஒருமுறை விளைக்கு வரச் சொல்லுங்கள். ஃபோரேட் குருணை மிச்சம் இருந்தால் தொடவே வேண்டாம். 2020 டிசம்பர் 31 முதல் அதற்குத் தடை.

இனிச் சோதனைக்குப் பணம் செலவழிப்பதாக இருந்தால் கறிவேப்பிலைக்கு வேண்டாம். விளையில் வெட்டிய ஒரு தார் ஏத்தனைத் தோல் நீக்கிச் சதையை மட்டும் சோதிக்கக் கேளுங்கள். அதற்கும் முன்னால், மாமனார் வைத்திருக்கும் எல்லா டப்பாவின் லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். மருந்தின் பெயரும், லேபிளில் உள்ள முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதும் தெளிவாகத் தெரிய வேண்டும். சிவப்பு, அதாவது மிகக் கடுமையான விஷம், இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள். எந்த மருந்துகளைப் பட்டியலில் சேர்த்துத் தேடச் சொல்ல வேண்டும் என்று அதைப் பார்த்து எழுதுகிறேன்.